பெரிய எழுத்தில் எழுது

கள்ளக்குறிச்சி,
14.10.2024

வேடியப்பன் அண்ணனுக்கு,

எழில்மதி எழுதுகிறேன். நீங்கள் மில்லுக்கு வராமல் இன்றோடு பதினொரு நாள். ஃபோன் போட்டால் அணைத்து வைத்திருப்பதாக ஒரு பெண் சொல்கிறாள். தினமும் அவளிடம்தான் இரண்டு தடவை பேசுகிறேன். உங்கள் ஊரில் பாறைமேல் ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும் என்று தெரியும். பதினொரு நாளில் ஒரு தடவைகூடவா ஏற முடியவில்லை? அதனால்தான் தபால்.

என்மேல் கோபம் இருக்கும். இருக்கட்டும். ஆனால் நான் சொல்வதையும் கேளுங்கள். அன்றைக்கு ஜெயம்மாளின் மரவள்ளிக் கிழங்கு லோடு வந்தது. நீங்கள் கிழங்கைத் தண்ணீரில் இறக்கி எடை பார்த்துவிட்டு, மாவு இருபத்திமூன்று பாயிண்ட் என்றீர்கள். பாயிண்ட் குறைந்தால் விலையும் குறையும், அந்த அம்மா விடவில்லை. "இன்னாய்யா கணக்கு இது? போன வாரம் இதே கொல்லைக் கெழங்கு இருபத்தேழு வந்துச்சே!" என்று கத்தியது. முதலாளியின் மச்சான் இளஞ்செழியன் மறுபடி தராசில் போட்டுப் பார்த்தார். இருபத்தேழுதான். கூட்டத்தில் எவனோ ஒருத்தன் உங்களைத் திருடன் என்றான். நீங்கள் வாயே திறக்கவில்லை. பத்தொன்பது வருஷமாக அந்தத் தராசில் நின்ற மனுஷனை அப்படிச் சொன்னால் நான் எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பேன்? அதனால்தான் மாடிப்படியில் நின்று, "அவரு திருடல, அவருக்குக் கண்ணு தெரியல" என்று கத்தினேன். என்னிடம் மட்டும் சொல்லி வைத்திருந்தீர்கள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று நானும் சத்தியம் செய்திருந்தேன். ஆனாலும் வேறு என்ன செய்திருக்க முடியும், நீங்களே சொல்லுங்கள்.

அதோடு உங்கள் வேலை போகாமல் பார்த்துக்கொண்டதும் நான்தான். தீனதயாளன் முதலாளியிடம் பேசி, கேட் பக்கம் நிழலில் உங்களுக்கு ஒரு நாற்காலி போட வைத்தேன். அதே சம்பளம். வருகிற வண்டியை எண்ணினால் போதும். நாற்காலிக்கு மெத்தைகூட நானே கடைவீதியில் தேடி வாங்கினேன், நீலப்பூ போட்டது. நீங்கள் அரைநாள் உட்கார்ந்துவிட்டு, சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு ஒரு வார்த்தை சொல்லாமல் மலை பஸ் ஏறிவிட்டீர்கள்.

பொங்கல் கழிந்தால் கிழங்கு வரத்து ஜாஸ்தியாகிவிடும். அதற்குள் நீங்கள் வராவிட்டால் உங்கள் இடத்தை முழுசாக இளஞ்செழியனுக்கே கொடுத்துவிடுவதாக முதலாளி சொல்கிறார். காலிப்பர் கம்பி மாட்டிய இந்தக் காலோடு மலை பஸ்ஸில் நின்றுகொண்டு வர வேண்டுமே என்றுதான் யோசிக்கிறேன். இல்லாவிட்டால் நேரிலேயே வந்து சண்டை போட்டிருப்பேன். பதில் போடுங்கள்.

எழில்மதி


வெள்ளிமலை,
30.10.2024

எழிலு,

உன் கடிதம் வந்தது. நான் படிக்கவில்லை. தபால்காரர் பூமாலை படித்தார். டீக்கடையில் வைத்து, சத்தமாக. படிக்கச் சொன்னது நான்தான். நீல மையில் எறும்பு ஊர்கிற மாதிரி எழுதியிருந்தாய். நான் வேறு என்ன செய்ய?

"கண்ணு தெரியல" என்ற இடத்தில் பூமாலை நிறுத்திவிட்டார். டீ குடித்துக்கொண்டிருந்தவர்களும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். வெள்ளச்சி அப்போதுதான் கடைக்கு எண்ணெய் வாங்க வந்தாள். கட்டிக்கொண்ட மனைவியிடம்கூடக் கொஞ்சம் மங்கல் என்றுதான் சொல்லி வைத்திருந்தேன்.

ஐம்பது பேர் முன்னால் எனக்குக் கண் தெரியாது என்று சொன்னவள் நீ. பிறகு கண் தெரிகிறவனுக்கு எழுதுகிற மாதிரி எழுதியவளும் நீதான்.

திருடன் என்றால், திருடவில்லை என்று காட்டிவிட்டு மறுநாள் வேலைக்கு வந்திருப்பேன். நீ சொன்னதற்கு நான் எதைக் காட்டுவது?

மெத்தை நன்றாகத்தான் இருந்தது. அரைநாளில் பதினேழு வண்டி எண்ணினேன். கேட்டில் கேமரா இருக்கிறது. அதுவும் பதினேழு எண்ணியிருக்கும்.

இதை எழுதவே பாதி ஸ்கெட்ச் பேனா தீர்ந்துவிட்டது. இனி எழுத வேண்டாம்.

வேடியப்பன்


கள்ளக்குறிச்சி,
10.11.2024

அண்ணா,

எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதுகிறேன். ஆனால் இந்தத் தடவை வேறு யாரும் படித்துக் காட்ட வேண்டியதில்லை. கறுப்பு மார்க்கர் பேனா வாங்கியிருக்கிறேன். தாளுக்கு என் வீட்டு மாதக் காலண்டரைக் கிழித்துப் பின்பக்கம் எழுதுகிறேன். ஜனவரியில் ஆரம்பித்திருக்கிறேன், அக்டோபர் வரை போகும் என்று நினைக்கிறேன். தபாலில் போடவில்லை. மலை பஸ் ஓட்டுகிற குமாரிடம் சுருட்டிக் கொடுத்தனுப்புகிறேன். உங்கள் கையில் மட்டும் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். "இன்னாக்கா, கல்யாணப் பத்திரிகையா?" என்று கேட்டான்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் கோபம்தான் வந்தது. இவ்வளவு செய்தும் இந்தப் பேச்சா என்று. மூன்று நாள் கழித்துத்தான் அழுகை வந்தது. என்னை மன்னித்துவிடுங்கள் அண்ணா. வெள்ளச்சி அண்ணிக்கு அப்படித் தெரியவந்ததை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

வேறு யாராவது செய்திருந்தால் தெரியாமல் செய்துவிட்டார்கள் எனலாம். நான் செய்யலாமா? ஒன்பதாம் வகுப்பில் கட்டுரைப் போட்டியில் எனக்கு முதல் பரிசு. மேடைக்கு நான்கு படி. மெதுவாக ஏறியிருப்பேன். உடற்பயிற்சி வாத்தியார் ஓடிவந்து என்னைக் குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு போய் மேடையில் நிறுத்தினார். ஸ்கூலே கைதட்டியது. கட்டுரைக்கு இல்லை, அவருக்கு. அன்றைக்கு வாங்கிய டிபன் பாக்ஸை நான் ஒருநாளும் எடுத்துப் போகவில்லை. அந்த வாத்தியார் செய்ததைத்தான் நான் உங்களுக்குச் செய்திருக்கிறேன். மாடிப்படியில் நின்று கத்தியது பாதி. நீலப்பூ மெத்தை மீதி.

இன்னொன்றும் மனதை அரிக்கிறது. இரண்டு வருஷமாக உங்கள் எடைச் சீட்டையெல்லாம் நான் படித்துச் சொன்னேன். தராசுக் கோட்டை எப்படிப் பார்க்கிறீர்கள் என்று ஒருநாளாவது கேட்டேனா? சமாளிப்பீர்கள் என்று விட்டுவிட்டேன். இப்போது கேட்கிறேன். உங்களுக்கு என்ன தெரிகிறது, என்ன தெரியவில்லை? எனக்குச் சொல்லுங்கள். சொல்லப் பிடிக்காவிட்டால் குமாரிடம் வெறும் தாளாவது கொடுத்தனுப்புங்கள், இது உங்கள் கைக்கு வந்தது என்று தெரிந்துகொள்வேன்.

செப்டம்பர் தீர்ந்துவிட்டது. முடிக்கிறேன்.

எழில்


வெள்ளிமலை,
25.11.2024

எழிலு,

ஒன்பது மாதமும் படித்தேன். நானே படித்தேன். இரண்டு நாள் ஆனது. ஜூன் மாதத்தில் வெள்ளச்சி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். படிக்க அல்ல, சும்மா. அந்த வாத்தியார் கதையை அவளுக்கு நான் படித்துக் காட்டினேன். நான் ஒருத்தருக்குப் படித்துக் காட்டி நாலு வருஷம் இருக்கும்.

நீ கேட்டதைச் சொல்கிறேன். நேராகப் பார்த்தால் நடுவில் ஒரு கறை. அதைச் சுற்றி எல்லாம் தெரியும். ஒத்தையடிப் பாதையில் நடக்கிறேன், மாட்டை ஓட்டிக்கொண்டு போகிறேன், பஸ் வருவது தெரிகிறது. ஆனால் எதை உற்றுப் பார்க்கிறேனோ அதுதான் தெரியாது. உன் மூக்கைப் பார்த்தால் முகம் இருக்காது. காதைப் பார்த்தால் வாய் ஓரளவு தெரியும். மூன்று வருஷமாக உன் காதைப் பார்த்துத்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். எங்கேயோ பார்த்துக்கொண்டு பேசுகிறான், திமிர் பிடித்தவன் என்று லோடு இறக்குகிறவர்கள் சொல்வது எனக்குத் தெரியும். திமிர் என்றே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

டாக்டர் விழித்திரையின் நடுப்பகுதி போய்விட்டது என்றார். கண்ணாடிக்கும் ஆபரேஷனுக்கும் அடங்காதாம்.

தராசைப் பற்றிக் கேட்டாய். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். தராசுத் தண்டில் குண்டை நகர்த்தி, தண்டு மட்டமாக நின்றால் குண்டு நிற்கிற கோட்டைப் படிக்க வேண்டும். மட்டமாக நிற்பது எனக்குத் தெரியும். கோடு தெரியாது. அதனால் லோடு வந்ததும் ஒரு கிழங்கை எடுத்து ஒடிப்பேன். ஒடிகிற சத்தத்திலும் கையில் ஒட்டுகிற பாலிலும் இத்தனை பாயிண்ட் என்று மனதில் வந்துவிடும். அதைத்தான் கோட்டைப் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டுச் சொல்வேன். ஒன்று கூடும், ஒன்று குறையும். ஜெயம்மாள் கிழங்கு இரண்டு நாள் மழையில் நனைந்தது. சத்தம் மந்தமாக வந்தது. நாலு பாயிண்ட் குறைத்துவிட்டேன்.

அன்றைக்கு நான் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று இப்போது தெரிகிறதா? அந்த அம்மா சொன்னதுதான் நிஜம். காசு வாங்கவில்லை, அவ்வளவுதான். மூன்று வருஷத்தில் இன்னும் எத்தனை பேருக்கு இப்படிச் சொன்னேனோ. பாதிப் பேர் எங்கள் மலை ஆட்கள்.

உன்மேல் கோபம் குறைந்துவிட்டது. என்மேல்தான் குறையவில்லை. மறுபடி அந்தத் தராசில் நான் நிற்கக்கூடாது. மெத்தையிலும் உட்காரமாட்டேன். இங்கே சாமை அறுப்பு இருக்கிறது.

வேடியப்பன்


கள்ளக்குறிச்சி,
12.12.2024

அண்ணா,

புயல் மழை ஓய்ந்து மலைக்கு பஸ் விட்டபிறகுதான் உங்கள் தாளைக் குமார் கொண்டுவந்தான். அண்ணியும் நீங்களும் பத்திரமாக இருப்பதாகவும் சொன்னான். அப்போதுதான் உயிர் வந்தது. மில்லில் குடோனுக்குள் முழங்கால் தண்ணீர் நின்றது.

உங்கள் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். நீங்கள் செய்தது தப்புதான். மழுப்பமாட்டேன். ஜெயம்மாளுக்கு அன்றைக்கே இருபத்தேழு போட்டுக் கொடுத்தாகிவிட்டது. ஆனால் பழசை நினைத்துக்கொண்டு மலையிலேயே உட்கார்ந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?

இப்போது நல்ல செய்தி. உங்களைக் கூப்பிடாமலே பாதிப் பிரச்சினையைத் தீர்த்துவிட்டேன்! இளஞ்செழியனும் நானும் முதலாளியை நச்சரித்து ஒரு எலக்ட்ரானிக் தராசு வாங்க வைத்துவிட்டோம். கிழங்கைத் தண்ணீரில் இறக்கினால் போதும், உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு எழுத்தில் எண் எரிகிறது. கேட்டிலிருந்தே தெரிகிறது. கோடும் வேண்டாம், குண்டும் வேண்டாம். நேற்று சந்தோஷத்தில் எல்லோருக்கும் காராபூந்தி வாங்கிக் கொடுத்தேன். நீங்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு புறப்பட வேண்டியதுதான் பாக்கி. எந்த பஸ் என்று மட்டும் எழுதுங்கள், நான் பஸ் ஸ்டாண்டுக்கே வந்துவிடுகிறேன்.

அக்டோபர் தீர்ந்து, இது நவம்பர் தாள். டிசம்பர் இன்னும் சுவரில் வேண்டும். அதனால் சுருக்கமாக முடிக்கிறேன்.

எழில்


வெள்ளிமலை,
24.12.2024

எழிலு,

காராபூந்தி நன்றாக இருந்திருக்கும். பஸ் ஸ்டாண்டில் சிவப்பு எழுத்து ஓடுகிற பலகையைப் பார்த்திருக்கிறேன். வெளிச்சம் விடுகிற எழுத்து எனக்குப் பரவிவிடும். கேட்டிலிருந்து உனக்குத் தெரிகிறது என்கிறாய். பக்கத்தில் நின்றாலும் எனக்கு அது சிவப்புப் புகைதான்.

மூன்றாவது தடவை. முதலில் கத்தினாய். பிறகு மெத்தை. இப்போது மெஷின். எல்லாம் என்மேல் உள்ள பிரியத்தில்தான். அது எனக்குத் தெரியாமல் இல்லை.

நீ வேலைக்குச் சேர்ந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? ஆபீஸ் மாடியில். பதினான்கு படி. முதலாளி உன் மேஜையைக் கீழே மாவு குடோனுக்குள் போடச் சொன்னார். லோடு இறக்குகிற இரண்டு பேர் தினமும் உன்னை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போகிறோம் என்றார்கள். எல்லோருக்கும் நல்ல மனசு. உன் முகம் எப்படிப் போயிற்று தெரியுமா? அப்போது எனக்குக் கண் நன்றாகத் தெரியும்.

நான் உன்னிடம் கேட்டேன். "உனுக்கு இன்னாம்மா வேணும்?" நீ, படியில் இடதுபக்கம் பிடிக்க ஒரு பைப் என்றாய். ஏன் இடது என்றுகூட நான் கேட்கவில்லை. கொல்லையில் கிடந்த பழைய போர்வெல் பைப்பை எடுத்து வெல்டிங் வைத்தோம். சாயங்காலம் நீயே ஏறினாய்.

என்ன தெரிகிறது என்று என்னிடம் கேட்டாய். நல்ல கேள்வி. அதை வேறு யாரும் கேட்கவில்லை. என்ன வேண்டும் என்று நீயும் இன்னும் கேட்கவில்லை.

எழிலு, நான் வரமாட்டேன் என்று எழுதினேன். எழுதிவிட்டு ஒரு மாதமாகப் படுக்கையில் அந்தத் தராசைத்தான் நகர்த்திக்கொண்டிருக்கிறேன். வேலை எனக்குப் பிடிக்கும். அதை விட்டால் நான் யார் என்று தெரியவில்லை. வெள்ளச்சி சாமைக் கதிர் கட்டிக்கொண்டே, "அந்தப் புள்ள கேக்கலன்னா இன்னா, நீ சொல்லேன். வாய்ல இன்னா கொழுக்கட்டையா?" என்றாள். அதனால் கேட்காமலே சொல்கிறேன்.

பழைய தராசு போதும். தண்டின் விளிம்பில் ஒவ்வொரு கோட்டுக்கும் நேராக அரத்தால் ஒரு வெட்டு போட வேண்டும். ஐந்துக்கு ஒரு வெட்டு ஆழமாக. குண்டு எங்கே நிற்கிறது என்று என் விரல் படித்துவிடும். ஒடித்துப் பார்த்து இனி சொல்லமாட்டேன்.

தராசு கிழக்கே பார்த்து இருக்கிறது. காலையில் வெயில் நேராகக் கண்ணில் அடித்தால் தண்டுகூடத் தெரியாது. மேற்கே திருப்பிப் போட வேண்டும்.

நான் எண்ணைச் சொன்னதும் கிழங்கு கொண்டுவந்தவர் குனிந்து கோட்டைப் பார்த்து அவரும் சொல்ல வேண்டும். இரண்டும் ஒன்றானால்தான் நீ சீட்டில் எழுத வேண்டும். எனக்காக மட்டும் இல்லை. யார் தராசில் நின்றாலும் அப்படித்தான் நடந்திருக்க வேண்டும்.

இவ்வளவுதான். நடக்காது என்றால் நடக்காது என்று எழுது. பூசி மெழுகாதே.

வேடியப்பன்


கள்ளக்குறிச்சி,
8.1.2025

அண்ணா,

உங்கள் கடிதம் என்னை ஓங்கி ஒரு அறை விட்டது. வாங்கிக்கொண்டேன். தினமும் நாலு தடவை அந்த பைப்பைப் பிடித்து ஏறி இறங்குகிறேன். அது எப்படி வந்தது என்பதை மட்டும் மறந்துபோயிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

திங்கட்கிழமை முதலாளியிடம் போனேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

"ஒரு ஆளுக்காகத் தராசை அறுக்கணுமா? அரம் போட்டா கவர்மெண்ட் முத்திரை செல்லாது. மறுபடி ஆய்வாளரை வரவெச்சு முத்திரை வாங்கணும். இன்னாமா நீ வெளையாடுற?" என்றார்.

"ஒரு ஆளுக்காகத்தான் படிக்கு பைப்பு போட்டீங்க சார்" என்றேன்.

"அது வேற."

"இன்னிக்கு அந்த பைப்பப் புடிக்காம யாரு சார் மேல வர்றாங்க? முட்டி வலிக்குதுன்னு நீங்களே ரெண்டு கையாலயும் புடிச்சிக்கினுதான வர்றீங்க?"

இதைச் சொன்னபிறகு வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். அவர் என்னையே பார்த்தார். பிறகு முட்டியைத் தடவிக்கொண்டு சிரித்துவிட்டார். ஜெயம்மாள் லோடு விஷயத்தைக் கிளப்பினார். கொண்டுவந்தவரே கோட்டைப் பார்த்துச் சொல்வது பற்றிச் சொன்னேன். "அது நல்ல ஏற்பாடு. தகராறு கம்மியாவும்" என்றார்.

ஆனால் பூசி மெழுகாதே என்றீர்கள். அதனால் மீதியையும் எழுதுகிறேன். பத்து நாள் பார்ப்பாராம். பத்து நாளும் இளஞ்செழியன் அதே கிழங்கைப் புதுத் தராசிலும் போடுவார். அடிக்கடி வித்தியாசம் வந்தால் தராசு உங்களுக்கு இல்லை. அதற்குமேல் என்னால் அவரை நகர்த்த முடியவில்லை. இது எனக்குப் பிடிக்கவில்லை. உங்களுக்குப் பிடிக்குமா என்று தெரியவில்லை.

நான் இன்னும் சரி என்று சொல்லவில்லை அண்ணா. தண்டில் அரம் வைக்கவும் விடவில்லை. நீங்கள் சொன்னபிறகுதான். வேண்டாம் என்றாலும் அதை அப்படியே அவரிடம் போய்ச் சொல்கிறேன், வேறு மாதிரி மாற்றிச் சொல்லமாட்டேன்.

கேட்க வேண்டியதை இப்போதாவது கேட்கிறேன். உங்களுக்கு இன்னா வேணும் அண்ணா? நீங்கள் எழுதியதற்குமேல் வேறு ஏதாவது?

எழில்


வெள்ளிமலை,
19.1.2025

எழிலு,

பொங்கலுக்கு மறுநாள் முதல் பஸ்ஸில் மலை இறங்கி ஜெயம்மாள் ஊருக்குப் போனேன். தனியாகத்தான். வீட்டு வாசலில் நின்று, நான்தான் உங்கள் கிழங்கைக் குறைத்துச் சொன்னவன், கோடு தெரியாமல் குத்துமதிப்பாகச் சொன்னேன், என் தப்பு என்றேன். அந்த அம்மா திண்ணையைத் துடைத்து உட்காரச் சொன்னது. பிறகு, "இத்த அன்னைக்கே சொல்லியிருந்தா நானே பாத்துச் சொல்லியிருப்பேனே. எனுக்கு இன்னா கண்ணு அவிஞ்சா போச்சு?" என்றது. சொன்னபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று மாதத்தில் அன்றுதான் சிரித்தேன். கரும்பு கொடுத்தனுப்பியது.

அங்கிருந்து திரும்பி வரும்போது முடிவு செய்தேன். பத்து நாளுக்குச் சரி. வித்தியாசம் வந்தால் நானே தராசை விட்டு இறங்கிவிடுவேன், அவர் சொல்ல வேண்டாம். ஆனால் புதுத் தராசும் என் பக்கத்திலேயே எல்லோரும் பார்க்க இருக்கட்டும். உள்ளே மறைவாக வைத்துச் சோதிக்க வேண்டாம். இதை முதலாளியிடம் சொல்லு. அரம் போடச் சொல்லு.

வேறு என்ன வேண்டும் என்று கேட்டாய். ஒன்று இருக்கிறது. என்னிடம் வந்து பேசுகிறவர்கள் தங்கள் பேரைச் சொல்லிவிட்டுப் பேசட்டும். "என்னா வேடியப்பா" என்று எதிரில் வந்து நின்றால் யாரென்று கண்டுபிடிப்பதற்குள் எனக்கு வியர்த்துவிடும். முன்பின் தெரியாதவனிடம் சிரித்துத் தொலைத்திருக்கிறேன்.

கலெக்டர் ஆபீஸில் மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு முகாம் நடக்கிறது என்று குமார் சொன்னான். வெள்ளச்சி போகச் சொல்கிறாள். நீ கூட வந்தால் போகிறேன். ஆனால் அங்கே நான்தான் பேசுவேன்.

வருகிற 27, திங்கட்கிழமை, முதல் பஸ். பஸ் ஸ்டாண்டுக்கு வராதே. நானே வந்துவிடுவேன்.

வேடியப்பன்


கள்ளக்குறிச்சி,
27.1.2025, சாயங்காலம்

அண்ணா,

நீங்கள் கீழே, மேற்கே திருப்பிப் போட்ட தராசைத் துடைத்துக்கொண்டிருக்கிறீர்கள். நான் மேலே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். முப்பதடி தூரம். இறங்கி வந்தே சொல்லலாம். ஆனால் நேரில் சொன்னால் அழுதுவிடுவேன், லோடு ஆட்கள் பார்ப்பார்கள். நாலு மாதமாக எழுதி எழுதி இதுதான் வசதியாகிவிட்டது.

முதல் வண்டி வந்தபோது அதே கூட்டம் நின்றது. அன்றைக்குத் திருடன் என்றவனும் நின்றான். அவன் முகம் எனக்கு மறக்கவில்லை. நான் படியில் பைப்பைப் பிடித்துக்கொண்டு, அன்றைக்கு நின்ற அதே இடத்தில் நின்றேன். இவர்களிடம் எப்படிச் சொல்வது, யார் சொல்வது, நான் இறங்கிப்போய்ச் சொல்லட்டுமா என்று வாய் வரை வந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

நீங்களே சொன்னீர்கள். "எனுக்கு நடுப்பார்வ இல்லீங்க. வெரலால தடவித்தான் பாப்பேன். நீங்க குனிஞ்சு கோட்டப் பாத்து சொல்லுங்க. ரெண்டும் ஒண்ணா இருந்தாதான் சீட்டு." கத்தாமல், லோடு எங்கிருந்து வருகிறது என்று கேட்கிற அதே குரலில் சொன்னீர்கள். நாலு மாதத்துக்கு முன்னால் இதே இடத்தில் நான் உங்களிடமிருந்து பிடுங்கிக் கத்திய விஷயம் அண்ணா. அதை இன்றைக்கு நீங்கள் உங்கள் வாயால் சொன்னபோது யாரும் பேச்சை நிறுத்தவில்லை. அந்த வண்டிக்காரர் பீடியைக் காதில் செருகிக்கொண்டு குனிந்தார். அவ்வளவுதான்.

புது முத்திரை வாங்கிய தண்டில் உங்கள் கட்டைவிரல் வெட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனதைப் பார்த்தேன். "இருபத்தாறு" என்றீர்கள். அவரும் இருபத்தாறு என்றார். சீட்டில் எழுதும்போது எனக்குக் கோடே தெரியவில்லை, கண்ணில் தண்ணீர்.

பதினொரு வண்டி வந்தது. ஒன்றில் மட்டும் ஒரு பாயிண்ட் வித்தியாசம் வந்தது. உங்கள் விரல் சரி, இளஞ்செழியன் கிழங்கை முழுசாக மூழ்கவிடவில்லை. அவரே ஒத்துக்கொண்டார். இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. எனக்குப் பயம் போகவில்லை. ஆனால் அது உங்கள் பயம், நீங்கள் பார்த்துக்கொள்வீர்கள் என்று இருக்கப் போகிறேன்.

நீலப்பூ மெத்தையை முதலாளி எடுத்துக்கொண்டார். முட்டிக்கு வைத்துக்கொள்கிறாராம்.

பேர் சொல்லிப் பேச வேண்டும் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். நீங்கள் கேட்டபடிதான் சொன்னேன், ஒரு வார்த்தை கூட்டவில்லை. மத்தியானம் ஒவ்வொருத்தரும் வந்து பேர் சொன்னது கோயிலில் அர்ச்சனைக்குச் சொல்கிற மாதிரி இருந்தது. நாளையிலிருந்து நானும் சொல்லிவிட்டே பேசுகிறேன்.

இது புது வருஷக் காலண்டர். ஜனவரி முடிய இன்னும் நாலு நாள் இருக்கிறது. பரவாயில்லை, கிழித்துவிட்டேன்.

எழில்


(அதே தாளின் அடியில், ஸ்கெட்ச் பேனாவில்)

28.1.2025

எழிலு,

படித்தேன். எழுத்து சரியான அளவு. இதற்குமேல் பெரிதாக்க வேண்டாம், காலண்டர் பாவம்.

எல்லோரும் பேர் சொல்லட்டும். நீ மட்டும் சொல்ல வேண்டாம். பதினான்கு படியிலும் உன் கால் எப்படி இறங்குகிறது என்று எனக்குத் தெரியும்.

வேடியப்பன்